'சூடு' என்று சொல்லிவிட்டால் ஆயிற்றா?



நம் தமிழ்நாட்டு வீடுகளில் நோய்க்குப் பெயர் வைக்கும் உரிமை டாக்டருக்கு முன்னால் பாட்டிக்கு உண்டு. கண் சிவந்தால் சூடு. வாயில் புண் கண்டால் சூடு. மூக்கில் இரத்தம் கசிந்தால் சூடு. பரீட்சைக்கு முதல்நாள் வயிற்றைக் கலக்கினால் அதுவும் சூடு. இத்தனை பாரத்தையும் சுமந்துகொண்டு அந்த ஒரு சொல் இன்னும் களைப்பின்றி நடமாடுவது வியப்புத்தான். அச்சொல்லோடு எனக்குப் பகை ஒன்றும் இல்லை. அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆயினும் ஓரிடத்தில் அது ஆளைக் கெடுக்கிறது என்பது என் துணிபு. அந்த இடம் உள்ளங்கால்.

"இராத்திரி படுத்தால் உள்ளங்கால் காந்துகிறது" என்று வீட்டில் பெரியவர் ஒருவர் சொல்கிறார். "உடம்புச் சூடுதான், விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு படுங்கள்" என்று விடை உடனே வந்துவிடுகிறது. அவ்வளவோடு பேச்சு முடிந்தது. எத்தனை நாளாக எரிகிறது, ஒரு காலா இரு காலா, இரவில் மிகுகிறதா, கூடவே மதமதப்பு உண்டா, எறும்பு ஊர்வது போல் இருக்கிறதா, இவற்றுள் ஒன்றையும் எவரும் கேட்பதில்லை. பெயர் கிடைத்துவிட்டது, பிறகு எதற்குக் கேள்வி?

சித்த மருத்துவர் சொல்லும் அழலும் பித்தமும் வேறு. அவர் நாடி பார்க்கிறார், நாலு கேள்வி கேட்கிறார், பத்தியம் சொல்கிறார். நான் வழக்காடுவது அவரோடு அன்று. ஒன்றும் பாராமல், ஒன்றும் கேளாமல், சுவரில் சாய்ந்தபடி நாம் சொல்லிவிடுகிறோமே, அந்த வீட்டுச் சூட்டோடுதான் என் வழக்கு.

அது மெய்யாகவே சூடாக இருக்குமானால் தில்லியில் அது பிழைத்திருக்க முடியாது. இங்கே தை மாதத்து இரவில் வெப்பம் 4, 5 டிகிரிக்கு இறங்குவது சகஜம். நாமெல்லாம் ரஜாய்க்குள் சுருண்டு கிடக்கிறோம். அதே விடுதியில் ஆராய்ச்சி மாணவர் ஒருவர், நம்மவர்தான், இரண்டு பாதங்களையும் ரஜாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டு படுக்கிறார். கேட்டால் எரிச்சல் என்கிறார். தொட்டுப் பார்த்தேன், கால் சில்லென்று இருந்தது. வெப்பமானியைக் கேட்டால் சூடு இல்லை என்று சொல்லும். அவருடைய கெட்டுப்போன உறக்கத்தைக் கேட்டால் எரிச்சல் உண்டு என்று சொல்லும். இரண்டும் பொய் சொல்லவில்லை.

எப்படி என்று அறிய ஒரு பச்சை மிளகாயைக் கடித்தால் போதும். நாக்கு எரிகிறது, கண்ணில் நீர் வருகிறது. மிளகாய்க்குள் நெருப்பா இருக்கிறது? நம் தோலிலும் நாக்கிலும் வந்து முடியும் மெல்லிய நரம்பு நுனிகளில், சூட்டை உணர்வதற்கென்றே ஒரு புரதம் உண்டு. சுமார் 43 டிகிரிக்கு மேல் வெப்பம் பட்டால் அது ஒரு வாயிலைப் போலத் திறந்துகொள்கிறது. மின்னேற்றம் பெற்ற அணுக்கள் உள்ளே பாய்கின்றன. 'சுடுகிறது' என்ற செய்தி மூளைக்கு ஓடுகிறது. மிளகாயில் உள்ள காப்சைசின் என்னும் பொருள் அதே வாயிலைச் சூடில்லாமலே திறந்துவிடுகிறது. இந்தப் புரதத்தை 1997-இல் இனங்கண்டவர் டேவிட் ஜூலியஸ். 2021-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற இருவருள் ஒருவர் அவர். மூளைக்கு எட்டுவது செய்தி மட்டுமே. வெளியே நெருப்பு உண்டா இல்லையா என்று அது எழுந்துபோய்ப் பார்ப்பதில்லை. நரம்பே பழுதுபட்டுத் தானாகத் துடித்தாலும் அதற்கு மூளை எரிச்சல் என்றே பெயரிடும். மிளகாய் பட்ட கைக்கும் நோய்ப்பட்ட காலுக்கும் தமிழில் 'காந்தல்' என்று ஒரே சொல் வழங்குவது தற்செயலா என்பதை மொழிநூல் வல்லார் சொல்லட்டும்.

இனி, ஏன் காலில்? நம் உடம்பிலுள்ள மிக நீண்ட நரம்பிழைகள் இடுப்பருகே முதுகுத்தண்டிலிருந்து கால்விரல் நுனி வரை ஓடுகின்றன. ஒரே உயிரணுவின் இழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம்! அணுவின் உடல் முதுகெலும்பின் பக்கத்தில்; இழையின் முனை கட்டைவிரலில். முனைக்கு வேண்டிய பொருள்களிற் பெரும்பகுதி மேலே உண்டாகி இழை வழியே இறங்கி வர வேண்டும். இழையின் கட்டுமானப் புரதங்கள் நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டர்தான் நகர்கின்றன. அவை கால்விரலை எட்ட ஓராண்டுகூட ஆகலாம். வாய்க்காலில் நீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல் என்பதைத் தஞ்சைக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. நரம்புக்கும் கால்விரலே கடைமடை. ஆகையால் எரிச்சல் இரு கால்விரல்களிலும் தொடங்கி, காலுறை மாட்டியது போல மெல்ல மேலேறுகிறது. முழங்காலை அது நெருங்கும் சமயத்தில் கைவிரல் நுனிகளும் மதமதக்கத் தொடங்கும்.

இன்று நம் நாட்டில் இந்தக் கடைமடையைக் காயவைப்பதில் முதலிடம் நீரிழிவுக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டு என்று கணித்தது. இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது அதில் ஒரு பகுதி நரம்புக்குள் சார்பிட்டால் என்னும் பொருளாக மாறித் தேங்குகிறது. நரம்புக்கே உணவூட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் தடித்துப் போகின்றன. சிலருக்கு நீரிழிவு இருக்கும் செய்தியே காலின் எரிச்சலால்தான் முதலில் வெளிப்படுகிறது.

எங்கள் பெரியப்பா திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிற்றூரில் மளிகைக் கடை நடத்தியவர். நாள் முழுதும் நின்றுகொண்டே வியாபாரம். நான் பள்ளியில் படித்த காலத்தில் இரண்டு ஆண்டுக்கு மேல் அவருக்கு உள்ளங்கால் எரிந்தது. விளக்கெண்ணெய் வந்தது, வெந்தயம் வந்தது, காலையில் பழையதும் மோரும் வந்தன. எரிச்சல் சிலநாள் தணியும், சிலநாள் மூளும். பிறகு ஒரு கோடையில் அது தானாகவே போய்விட்டது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. "சூடு இறங்கிவிட்டது" என்றார் பெரியம்மா. அந்த ஆண்டு ஆடியில் கடையில் ஒரு சிறு ஆணி அவர் செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறியிருக்கிறது. அன்று மாலைவரை அவர் அதனோடு நடந்திருக்கிறார். தரையில் இரத்தக்கறையைக் கண்டு சொன்னவன் கடைப்பையன். மருத்துவமனையில் பார்த்தபோது சர்க்கரை நானூற்றைத் தாண்டியிருந்தது. கட்டைவிரலையும் அடுத்த விரலையும் எடுத்தார்கள்.

இதை நான் இரக்கம் வேண்டி எழுதவில்லை. எரிச்சல் போனதைக் கண்டு மகிழ்ந்தோமே, அந்த மகிழ்ச்சியைத்தான் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். சர்க்கரை அடங்காமல் எரிச்சல் மட்டும் அடங்கினால் நரம்பு தேறிற்று என்று பொருளாகாது. அது பேச்சை நிறுத்திவிட்டது என்பதே பெரும்பாலும் பொருள். எரியும் காலுக்குக் காவல் உண்டு. மரத்த காலுக்குக் காவல் இல்லை.

இந்த உண்மையை உலகுக்கு எடுத்துக்காட்டியதில் நம் வேலூருக்குப் பங்கு உண்டு. 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார் பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பிய காலம் அது. உணர்ச்சியற்ற கைகால்களில் நாளும் படும் காயங்களே விரல்களைத் தின்கின்றன என்பதை அவரும் அவருடன் உழைத்தவர்களும் காட்டினார்கள். வேலூர் வட்டாரத்தில் தொழுநோயாளருக்கென்று செய்யப்பட்ட மென்ரப்பர்ச் செருப்பைத்தான் இன்று நீரிழிவுக்காரருக்கும் 'எம்.சி.ஆர். செருப்பு' என்று எழுதித் தருகிறார்கள். கோடைப்பகலில் கோயில் பிராகாரத்துக் கருங்கல்லில் வெறுங்காலோடு வலம் வருகிற முதியவர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வருகிறது. கல் சுடுகிறது என்று துள்ளி ஓடுகிறவர் பிழைத்தார். நிதானமாக நடக்கிறவர் பக்தியால் நடக்கிறாரா, மரத்த காலால் நடக்கிறாரா?

சர்க்கரை ஒன்றே காரணம் என்று எண்ணிவிட வேண்டாம். உள்ளங்கால் எரிச்சலுக்கும் நம் சோற்றுத் தட்டுக்கும் பழைய உறவு உண்டு. அதைக் கண்டு சொன்னவருள் ஒருவர் தமிழர் என்பது நம் சங்க ஏட்டில் பதிய வேண்டிய செய்தி. 1826-இலேயே கிரியர்சன் என்னும் மருத்துவர் இந்நாட்டவரிடம் கண்ட உள்ளங்கால் எரிச்சலைப் பற்றிக் கல்கத்தா மருத்துவச் சங்கத்தின் ஏட்டில் எழுதினார். அதன்பின் நூற்றிருபது ஆண்டுகள் கழித்து, 1946-இல், குன்னூர் ஊட்டவுணவு ஆராய்ச்சிச் சாலையில் பணியாற்றிய சேலத்துக்காரர் சி. கோபாலன் அதே எரிச்சலை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். அவர் கண்ட நோயாளிகள் ஏழைகள். சோற்றைத் தவிர வேறு பெரிதாக ஒன்றும் உண்ணாதவர்கள். அவர்களுக்குப் பி வைட்டமின்களை ஒவ்வொன்றாகத் தந்து பார்த்தார். தயமின் முதலியவற்றுக்கு மசியாத எரிச்சல், பாந்தோதெனிக் அமிலத்துக்குத் தணிந்தது. இன்றும் மருத்துவ நூல்களில் அந்நோய்க்குக் கிரியர்சன்-கோபாலன் நோய் என்று பெயர். குன்னூர்ச் சாலை பின்னர் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து தேசிய ஊட்டவுணவு நிறுவனம் ஆயிற்று. கோபாலன் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்து, நூறு வயது நிறைவாழ்வு வாழ்ந்து 2019-இல் மறைந்தார்.

அவர் செய்ததை எண்ணிப் பாருங்கள். அந்த ஏழைகளின் வீட்டிலும் 'சூடு' என்று யாரேனும் சொல்லித்தான் இருப்பார்கள். அவர் அதோடு நிற்கவில்லை. எது, எதனால், எதைக் கொடுத்தால் தணிகிறது, எதைக் கொடுத்தால் தணியவில்லை என்று கேட்டார். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரின் சிறைமுகாம்களில் தீட்டிய அரிசியை உண்டு கிடந்த கைதிகளுக்கும் இதே எரிச்சல் கண்டது. இரவெல்லாம் உறங்க மாட்டாமல் நடந்துகொண்டே இருந்த அந்த வேதனைக்கு அவர்கள் கசப்போடு வைத்த பெயர் 'மகிழ்ச்சிப் பாதம்'.

பாந்தோதெனிக் அமிலம் ஏறத்தாழ எல்லா உணவிலும் உள்ளது. ஆகவே அதன் குறை இன்று அரிது. நம் விடுதியில் நான் அஞ்சுவது பி12 என்னும் வைட்டமினின் குறையை. நாளொன்றுக்குச் சுமார் 2 மைக்ரோகிராம் போதும். ஆனால் அது பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி இவற்றில்தான் உண்டு. காய்கறியிலும் பருப்பிலும் கிடையாது. வீட்டில் நாள்தோறும் இரண்டு வேளை தயிர்சாதம் உண்டு வளர்ந்த சைவப் பிள்ளை இங்கே வந்து மெஸ்ஸில் பராத்தாவும் உருளைக்கிழங்கும் ராஜ்மாவுமாக நாலைந்து ஆண்டு ஓட்டுகிறான். தயிர் என்று ஊற்றுகிறார்களே, அதில் பாதி நீர். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறை உடனே தெரியாது. ஆண்டுகள் கழித்துக் காலில் வந்து நிற்கும். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உண்பவர்க்கும் பி12 குறைவது உண்டு. அப்போது எரியும் காலைக் கண்டு 'சர்க்கரையால்தான்' என்று சொல்லிவிட்டால் அதுவும் இன்னொரு சூடுதான்!

இங்கே ஒரு புதிய பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மருந்துக்கடைக்காரர். "கால் எரிகிறதா? நரம்புச் சத்துக்கு இதைப் போடுங்கள்" என்று ஒரு பட்டை மாத்திரையைக் கத்தரித்துக் கொடுக்கிறார். நம்மவரும் மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். பி வைட்டமின் எவ்வளவு உண்டாலும் சிறுநீரில் போய்விடும், கெடுதல் இல்லை என்று ஒரு நம்பிக்கை. பி6 என்னும் வைட்டமினை அளவுக்கு மீறி நெடுநாள் உண்டால் அதுவே நரம்பைக் கெடுத்து உள்ளங்காலை எரியச் செய்யும் என்பது பலருக்குத் தெரியாது. ஃபோலிக் அமிலத்தை மட்டும் உண்டால் பி12 குறையால் வந்த சோகை மறையும், நரம்பின் கேடு மறைவாக வளரும். விளக்கெண்ணெயாவது தோலோடு நின்றது. ஊரை விட்டு வந்த நாம் 'சூடு' என்ற சொல்லைக் கைவிட்டு 'சத்துக்குறைவு' என்று மாற்றிக்கொண்டோம். கேள்வி கேளாத பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

எரிச்சல் எல்லாம் நரம்பு நோய் என்று மாணவர் கலங்கவும் வேண்டாம். விரலிடுக்கில் தோல் வெளுத்து உரிந்து அரித்தால் அது சேற்றுப்புண். பொதுக் குளியலறையின் கொடை. பூஞ்சைக்கான களிம்பு போதும். நாள் முழுதும் இறுக்கமான பூட்சும் நைலான் காலுறையும் போட்டால் எந்தக் காலும் எரியும். தில்லிக் குளிருக்குப் புதிதான நம் பிள்ளைகள் சிலருக்குக் கால்விரல்கள் சிவந்து வீங்கி அரிப்போடு எரிகின்றன. சில்பிளெயின் என்பார்கள். குளிர்ந்த காலை நேரே ரூம் ஹீட்டரின் முன் நீட்டுவது இதற்கு எண்ணெய் வார்ப்பது போன்றது. காலுறை போட்டு மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். காசநோய்க்கு மருந்து உண்பவர் கால் எரிந்தால் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். அங்கே பி6 மெய்யாகவே தேவைப்படும். விடுதி மாடியில் வாரந்தோறும் புட்டி திறக்கும் அன்பர்களுக்கு ஒரு வரி: மதுவும் இதே நரம்பைத்தான் தேடிப் போகிறது.

தணிப்பது எப்படி என்று கேட்பீர்கள். குளிர்ந்த நீரில் காலைப் பத்து நிமிடம் வைத்திருக்கலாம், பனிக்கட்டி வேண்டாம். வெந்நீர் கூடவே கூடாது. மரத்த காலுக்குக் கொப்புளம் கிளம்பிய பின்புதான் செய்தி எட்டும். பருத்திக் காலுறையும் தளர்ந்த செருப்பும் நல்லவை. விளக்கெண்ணெயும் மருதாணியும் இதம் தருமானால் தடவிக்கொள்ளட்டும். பித்தவெடிப்புக்கும் எண்ணெய் நல்லதே. விரலிடுக்கில் மட்டும் ஈரம் தங்கலாகாது. உறக்கம் கெடும் அளவுக்கு எரிந்தால் நரம்பை அமைதிப்படுத்தும் மருந்துகள் உண்டு: அமிட்ரிப்டிலின், டூலோக்செட்டின், பிரகாபாலின் போன்றவை. அவற்றை எழுத வேண்டியவர் டாக்டர். விடுதி நண்பர் அல்லர். காப்சைசினையே களிம்பாக்கித் தடவும் சிகிச்சையும் உண்டு. திரும்பத் திரும்பப் பட்டால் அந்த நுனிகள் ஓய்ந்துபோகின்றன. இதைப் படித்துவிட்டு எவரும் மெஸ்ஸிலிருந்து மிளகாய்ப்பொடி எடுத்துச் செல்ல வேண்டாம்.

ஆனால் இவை தணிப்பு. காரணத்தைக் காண இரத்தப் பரிசோதனை வேண்டும். வெறும் வயிற்றில் சர்க்கரை 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் அது நீரிழிவின் எல்லை. அதோடு பி12, தைராய்டு, சிறுநீரகம் ஆகியவற்றையும் டாக்டர் பார்க்கச் சொல்வார். ஒரு காலில் மட்டும் எரிச்சலும் இடுப்புவலியும் சேர்ந்தாலோ, கால் வலுவிழந்தாலோ, பாதத்தில் ஆறாத புண் இருந்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போது 'சாப்பிட்டீர்களா' என்ற கேள்விக்குப் பிறகு இன்னொரு கேள்வியும் கேளுங்கள். "கால் எரிகிறதா?" என்று கேட்டால் "அதெல்லாம் சூடு" என்றுதான் அப்பா சொல்வார். "நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தால் உங்களுக்குத் தெரிகிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். "போன வாரம் பஸ் நிலையத்தில் ஒரு செருப்பு எங்கேயோ போயிற்று" என்று விடை வருமானால் அன்றே சோதனைக்கு அனுப்புங்கள்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். நம் பொங்கல் விழாவுக்கு இந்நகரத்துத் தமிழ்க் குடும்பங்கள் முதியவர்களோடு வருகின்றன. பட்டிமன்றத்துக்கும் கோலப்போட்டிக்கும் இடம் ஒதுக்கும் நாம், பந்தலின் ஓரத்தில் ஒரு மேசைக்கும் இடம் ஒதுக்கலாம். பல்கலைக்கழக மருத்துவ நிலையத்திலிருந்து ஒரு டாக்டரை அழைக்கலாம். வேண்டுவன மூன்றே பொருள்கள்: விரல்நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்று, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்று, அதைப் பாதத்தில் தொட்டால் தெரிகிறதா என்று பார்க்க, அதிர்வு தெரிகிறதா என்று கட்டைவிரல் எலும்பின் மேல் வைத்துப் பார்க்க ஓர் இசைக்கவை. பொங்கல் பானைக்கு அருகில் வரும்போது எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருகிறார்கள். காலைக் காட்டச் சொல்வதற்கு அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. இசைக்கவையை இயற்பியல் துறை நண்பர்கள் தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். 256 அதிர்வு உள்ளது அன்று, 128 உள்ளது வேண்டும் என்பதை இங்கேயே எழுதி வைக்கிறேன்.